கைத்தொழில் தானம்



வைசாகப் பௌர்ணமி கழிந்த சில வாரங்களில் இம்மலைகளில் இடவப்பாதி மழை இறங்கும். மழைக்காலத்தில் பிக்ஷுக்கள் ஊர் சுற்றாது ஓரிடத்தில் தங்க வேண்டுமென்று ததாகதர் விதித்தார். தங்க இடம் வேண்டும். இடத்திற்குக் கூரை வேண்டும். கூரைக்குத் தொழில் தெரிந்த கை வேண்டும். ஆதலின், அயலார் வீட்டைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் தொண்டைப்பற்றி இன்று பேச விரும்புகிறேன். சூரியநெல்லித் தோட்டங்களில் கொத்தனாராகவும், தச்சராகவும், பிட்டராகவும் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர்களுக்கு இது சிறப்பாக உரியது.

இதைச் சொன்னவுடனே ஓர் ஆட்சேபம் எழும். “கூலியில்லாமல் வேலை செய்வதா? நம் பாட்டனும் பூட்டனும் செய்த வெட்டி ஊழியம் போதாதா?” என்பர். இது நியாயமான கேள்வி. நம்மவர் பிறர்க்கு வீடு கட்டினர். அவ்வீட்டின் வாயிற்படியை மிதிக்க உரிமை பெற்றாரில்லை. சிறு துண்டு நிலத்தைக் காட்டித் தலைமுறை தலைமுறையாய் ஊர் வேலை வாங்கிய மகார் வதன் முறையை ஒழிக்கவே, பாபாசாகேப் அம்பேத்கர் 1928-ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். அத்தகைய தலைவரைப் பின்பற்றித் திரிசரணம் அடைந்த நாம், கூலியில்லா வேலை என்றதும் கூசுவது இயல்பே.

நானும் அப்படிக் கூசினவன்தான். மலைக்குக் கீழே ஒரு நூற்பாலையில் பல ஆண்டுகள் பிட்டராய் இருந்தேன். ஆலை மூடப்பட்டு நான் வீட்டிலிருந்த காலத்தில், அடுத்த வீட்டு மூதாட்டி வந்து, கூரைத் தகரம் ஒன்று கழன்றுவிட்டது, கொஞ்சம் பார்க்கலாகாதா என்று கேட்டார். நான் எவருக்கும் வெட்டி வேலை செய்பவன் அல்லேன் என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு மழை பெய்தது. அந்த அம்மையார் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நனையாத ஒரு மூலையில் விடியுமட்டும் உட்கார்ந்திருந்ததைக் காலையில் கண்டேன். அரைமணி நேர வேலை அது. என்னை அடிமையாக்க வந்தவர் அல்லர் அவர், என்னிலும் ஏழை. பழைய கோபத்தை யார்மேல் செலுத்துகிறோம் என்று பாராமல் செலுத்தினேன்.

அதன்பின்னரே விநய பிடகத்துச் சுள்ளவக்கத்தில் வரும் ஒரு வரலாறு எனக்குப் பொருள் விளங்கிற்று. வைசாலி நகரில் பிக்ஷுக்களுக்காக உறைவிடம் கட்டும் வேலை நடந்தது. ஏழைத் தையற்காரன் ஒருவன் அதைக் கண்டு, தானும் ஒன்று கட்டித்தர ஆசை கொண்டான். தானே மண்ணைக் குழைத்தான், செங்கல்லை அடுக்கினான், சுவரை எழுப்பினான். தொழில் தெரியாமையால் சுவர் கோணி விழுந்தது. இரண்டாம் முறையும் விழுந்தது. மூன்றாம் முறையும் விழுந்தது. அவன் மனம் நொந்து, பொருள் கொடுப்போருக்கு இப்பிக்ஷுக்கள் வழி சொல்லுகிறார்கள், நான் ஏழை, எனக்குச் சொல்லிக் கொடுப்பார் எவருமில்லை என்று முறையிட்டான். செய்தி பகவான் செவிக்கு எட்டியது. அவர் அவனைக் கடிந்தாரில்லை. கட்டட வேலையை மேற்பார்க்கப் பிக்ஷுக்களை நியமிக்கலாமென்று அனுமதித்தார். வேலை விரைந்து முடியவும், உடைந்ததும் சிதைந்ததும் சீர்ப்படவும் அவர்கள் முயல வேண்டுமென்றும் விதித்தார்.

பாருங்கள்! அந்த ஏழையிடம் மண் இருந்தது, கல் இருந்தது, உழைப்பு இருந்தது. இல்லாதது தொழிலறிவு ஒன்றே. அதைக் கொடுப்பாரில்லாமற்போனதே அவன் குறை. நம்மிடம் காசு இல்லாமலிருக்கலாம். முப்பது நாற்பது வருஷம் கையில் ஊறிய தொழில் இருக்கிறது. அதைப் பெட்டியில் பூட்டிவைத்து, நான் ஏழை, தானம் செய்ய என்னிடம் என்ன இருக்கிறது என்பது தகுமா?

வெட்டி ஊழியத்திற்கும் தானத்திற்கும் உள்ள பேதத்தை அறிய மூன்று அடையாளங்கள் உண்டு. வெட்டியை மறுக்க இயலாது. தானத்தை மனமுவந்து செய்கிறோம். வெட்டியில் வேலை செய்தவன் வெளியே நிற்பான். தானத்தில் அவ்வீட்டார் பக்கத்திலே உட்கார்ந்து தேநீர் அருந்துவான். வெட்டியில் ஏவுவோன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். தானத்தில் வீட்டுக்காரனும் கூடவே உழைத்துத் தொழிலைக் கற்றுக்கொள்வான். இம்மூன்றும் இருக்குமிடத்தில் நம் மானத்திற்கு ஒரு குறையுமில்லை.

உலகில் இதற்குச் சான்று உண்டு. ஜிம்மி கார்ட்டர் என்பவர் 1977 முதல் 1981 வரை அமெரிக்காவின் ஜனாதிபதியாயிருந்தவர், தச்சுவேலை அறிந்தவர். பதவி நீங்கியபின், ஏழைகளுக்கு வீடமைக்கும் ‘ஹாபிடாட் பார் ஹியூமானிட்டி’ என்னும் சங்கத்தில் சேர்ந்து, 1984-இல் நியூயார்க் நகரில் பாழடைந்த ஆறுமாடிக் கட்டடம் ஒன்றைப் பலரோடு சேர்ந்து செப்பனிட்டார். 2006-இல் நம் இந்தியாவிற்கும் வந்து, மகாராஷ்டிரத்தில் லோனாவாலாவுக்கு அருகே மாளவ்லியில் வீடு கட்டும் வேலையில் சுத்தியல் பிடித்தார். 2019-இல், 95 வயதில், கீழே விழுந்து நெற்றியில் 14 தையல் போடப்பட்டும், நாஷ்வில் நகரத்து வேலைக்குப் போனார். 2024-இல் தமது நூறாம் வயதில் காலமானார். அச்சங்கத்தில் வீடு பெறும் குடும்பத்தாரும் உடனிருந்து உழைப்பது முறை. அவர் கிறிஸ்து மார்க்கத்தவர். நற்செயலைக் கற்க மார்க்க பேதம் பாராட்ட வேண்டுவதில்லை.

இனி நம் லயத்தை நோக்குவோம். பல வாசல்களுக்கு ஒரே நீண்ட கூரை. மூன்றாம் வாசலில் சொட்டும் நீர் மூன்றாம் வாசலில் நுழைந்ததன்று. இரண்டாம் வாசலின்மேல் கழன்ற ஆணித்துளையில் புகுந்து, சட்டத்தின் வழியே ஓடிவந்து இங்கே விழுகிறது. காரணத்தைச் சார்ந்து காரியம் தோன்றும் என்று பகவான் போதித்ததை இக்கூரையே காட்டுகிறது. ஆதலின் என் வாசல், உன் வாசல் என்று பிரித்துக் கூரையைக் காக்க முடியாது. தகரத்தில் ஆணியை மேட்டு வரியில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் நீர் புகும். வாஷரைத் தவிர்க்கலாகாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை அறுக்கவும் துளைக்கவும் கூடாது. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். சுவரடியில் நீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டிவிடல் வேண்டும். இவற்றை இளைஞர்களுக்குச் செய்துகாட்டுங்கள். சின்னக்கானல் பக்கத்தில் அரிக்கொம்பன் என்னும் யானை அரிசிக்காக வீடுகளையும் ரேஷன் கடையையும் இடித்ததை நாம் மறக்கவில்லை. 2023 ஏப்ரல் 29-இல் அதைப் பிடித்து அகற்றினர். இடிந்த சுவரை எழுப்பித் தர அன்று பக்கத்து லயத்துக் கொத்தனாரினும் விரைவாய் வரக்கூடியவர் யார்?

ஆயினும் ஓர் எச்சரிக்கை. நம் தொண்டு, கடமைப்பட்டோரின் கடமைக்கு மாற்றாகாது. தோட்டத் தொழிலாளிக்கு வீடு தரும் பொறுப்பை 1951-ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளியின்மேல் வைத்தது. இதே இடுக்கி மாவட்டத்துப் பெட்டிமுடியில், 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. 70 பேர் மாண்டனர். அத்தகைய அபாயத்தை எந்தக் கொத்தனாரின் கரண்டியும் தடுக்காது. சரிவு வெடித்தாலும், சுவர் சாய்ந்தாலும், மேலே சாந்து பூசி “சரியாகிவிட்டது” என்று சொல்வது பொய். நான்காம் சீலம் தவறியதாகும். அங்கே குடியிருப்போரை வெளியேறச் சொல்வதும், அவர்களோடு நின்று வேறு வீடு கேட்பதுமே தொண்டு.

ஓய்வு பெற்ற பெரியோர்களே! மகனோ மருமகளோ தோட்டத்தில் வேலை பார்த்தாலன்றி, லயத்து வீடே உங்களுக்கு இல்லை என்னும் துன்பத்தை அறிவேன். தமக்கென ஒரு வீடில்லாதவர் பிறர் வீட்டைச் செப்பனிடுவது உலகத்தார்க்கு விந்தையாய்த் தோன்றலாம். ஆனால் வேலை போனபின் நாம் வேண்டாதவர் என்னும் எண்ணமே நம்மை அதிகம் வாட்டுகிறது. அடுத்த வாசலில் ஒரு குழந்தை நனையாமல் உறங்குமாயின், அவ்வெண்ணம் தானே நீங்கும்.

மழைக்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்குங்கள். சாதியும் சமயமும் கேளாமல், மிக மோசமாய் ஒழுகும் வீட்டிலிருந்து தொடங்குங்கள். முதியோர் கீழே நின்று சொல்லட்டும். இளைஞர் ஏணி ஏறட்டும். அடுத்த பௌர்ணமிக் கூட்டத்தில், எத்தனை கூரைகள் ஒழுகாமல் நின்றன என்பதைக் கேட்டறிவோம்.

யாவரும் நனையாத கூரையின்கீழ் வாழ்வாராக! சாது! சாது! சாது!