குழந்தைகள் வாங்கிய காடு

கோஸ்டா ரிக்காவின் திலாரான் மலைத்தொடரில் 22,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கிறது 'குழந்தைகளின் நித்திய மழைக்காடு'. அந்நாட்டின் மிகப் பெரிய தனியார் காப்புக்காடு இது. இதற்கு முதல் பணம் கொடுத்தவர்கள் ஸ்வீடனின் ஒரு கிராமப் பள்ளி மாணவர்கள்.

1987இல் எஹா கேர்ன் என்ற ஆசிரியை தம் வகுப்பில் மழைக்காடுகள் அழிவதைப் பற்றிப் பாடம் நடத்தினார். அந்தக் காடுகளைக் காப்பாற்ற நாம் என்ன செய்யலாம் என்று ஒன்பது வயது மாணவன் ஒருவன் கேட்டான். அமெரிக்க உயிரியலாளர் ஷெரன் கின்ஸ்மேன் பள்ளிக்கு வந்து, கோஸ்டா ரிக்காவின் மான்டிவெர்டே என்ற ஊரில் விற்பனைக்கு இருந்த காட்டைப் பற்றிச் சொன்னார். பிள்ளைகள் நாடகம் போட்டும் பலகாரம் விற்றும் சேர்த்த பணம் ஆறு ஹெக்டேர் வாங்கப் போதுமானதாக இருந்தது. செய்தி பரவி, 44 நாடுகளின் குழந்தைகள் பணம் அனுப்பினார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஸ்வீடனிலிருந்து வந்த பணத்தைக் காடாக மாற்றியவர்கள் மான்டிவெர்டேவில் இருந்தார்கள். கட்டாய ராணுவச் சேவையை ஏற்காத குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவின் குடும்பங்கள் அமெரிக்காவிலிருந்து 1951இல் அங்கே குடியேறின. மாடு வளர்த்துப் பிழைத்த அவர்கள், நீரூற்று காயாதிருக்க மலை உச்சிக் காட்டை வெட்டாமல் விட்டுவைத்தார்கள். 1986இல் ஊர்க்காரர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்கள். நிலத்தை வாங்கிப் பராமரிக்க அந்தச் சங்கம் இருந்ததால்தான் குழந்தைகளின் காசு வீண்போகவில்லை.

வாங்கிய காட்டை ஆண்டு முழுவதும் காக்கவும் வேண்டும். வேட்டைக்காரர்களும் பனைக் குருத்துக்காக மரத்தையே சாய்ப்பவர்களும் உள்ளே நுழைகிறார்கள். மழையிலும் சேற்றிலும் எல்லைகளைச் சுற்றிவரும் காவலர்களுக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும். நிலம் வாங்க மகிழ்ச்சியோடு கொடுப்பவர்கள்கூட இந்தச் செலவு என்றதும் தயங்குவதுண்டு. நன்கொடையின் பலவீனம் இங்கேதான் தெரிகிறது.

எல்லை போட்டுக் காத்தாலும் எல்லாம் தப்பிவிடுவதில்லை. மான்டிவெர்டேவுக்கே உரிய பொன்தேரை, 1972 முதல் பாதுகாக்கப்பட்ட காட்டில்தான் வாழ்ந்தது. 1987இல் இனப்பெருக்கக் காலத்தில் ஆயிரத்துக்கு மேல் காணப்பட்டன; 1989இல் ஒன்றே ஒன்று தென்பட்டது. அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. பூஞ்சை நோயும் மாறிவரும் பருவநிலையும் காரணம் என்கிறார்கள். அதே மலைகளில் வாழும் கெட்சால் பறவையின் சிக்கல் வேறு. கூடு கட்டும் காலம் முடிந்ததும் அது தாழ்ந்த சரிவுகளுக்கு இறங்குகிறது. அங்கே இருப்பவை தனியார் பண்ணைகள். ஆகவே சங்கம் விவசாயிகளோடு சேர்ந்து மேய்ச்சல் நிலங்களின் ஓரமாகக் காற்றுத்தடுப்பு மரங்களை நட்டது. அவை மாடுகளையும் பயிரையும் காற்றிலிருந்து காக்கின்றன, பறவைகளுக்கும் வழி தருகின்றன. இந்த வேலைக்குப் பணத்தைவிட அக்கம்பக்கத்தாரின் நம்பிக்கைதான் அதிகம் தேவைப்பட்டது.

இயற்கைக்குக் கொடுக்க விரும்புபவர்கள் நிலம் வாங்க ஒருமுறை கொடுப்பதோடு நின்றுவிட வேண்டாம். காவலரின் சம்பளத்துக்கும் நாற்றுப் பண்ணைக்கும், சிறு தொகையானாலும், ஆண்டுதோறும் கொடுங்கள்.