அந்த 23 நிமிடம் யாருடையது?

ஹைதராபாத்தின் ஹப்சிகுடாவில் குடியிருப்போர் சங்கம் கூடினால் ஒரு கோரிக்கை தவறாமல் எழும்: நம் தெருவில் ஸ்பீட் பிரேக்கர் போட வேண்டும். மெட்ரோ தூண்களுக்குக் கீழே வண்டிகள் நெருக்கியடிக்கும் நேரத்தில், உப்பல் போகிறவர்கள் உள்தெருக்களில் புகுந்து பறக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் சுவரோரம் ஒண்ட வேண்டியிருக்கிறது. கோரிக்கை நியாயமானதுதான். ஆனால் அதில் கையெழுத்துப் போட்ட அதே கைகள்தான் மறுநாள் தார்நாகாவில் இன்னொருவர் தெருவுக்குள் ஸ்டியரிங்கைத் திருப்புகின்றன. குடியிருக்கும் இடத்தில் நமக்கு வேகம் ஆகாது. கடந்துபோகும் இடத்தில் வேகம் நமது உரிமை.

இந்த இரட்டைக் கணக்கு எங்கே போய் முடியும் என்பதை நகரத்தின் மறுகோடியில் பார்க்கலாம். போலீஸ் அகாடமி சந்திப்பிலிருந்து சேவெள்ளா வழியாக மன்னேகூடா வரை 46 கிலோமீட்டர். பீஜாப்பூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 163-ன் பகுதி அது. இருபுறமும் ஏறத்தாழ 900 ஆலமரங்கள், நிஜாம் காலத்தவை. சாலையை நான்கு வழியாக்க இவற்றை வெட்டக்கூடாது என்று இயற்கை ஆர்வலர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். பல ஆண்டு இழுபறிக்குப் பின், பெரும்பாலான மரங்களை விட்டுவைத்துச் சாலை அமைக்க 2025 அக்டோபர் இறுதியில் வழி பிறந்தது. சில நாட்களிலேயே, நவம்பர் 3 அன்று, மிர்ஜாகூடா அருகே ஜல்லி ஏற்றி வந்த டிப்பர், தாண்டூரிலிருந்து வந்த அரசுப் பேருந்தின் மீது மோதியது. 19 பேர் இறந்தார்கள்.

உடனே பழி மரங்கள் மீதும் அவற்றுக்காக வாதாடியவர்கள் மீதும் விழுந்தது. அந்தக் கோபத்தை நகரத்தில் உட்கார்ந்துகொண்டு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. கோபப்பட்டவர்கள் வேலைக்கும் கல்லூரிக்கும் தினமும் அந்தச் சாலையில் பேருந்து ஏறுகிறவர்கள். ஆனாலும் மரம் நின்ற இடத்தில் நின்றது; பாரம்தான் ஓடி வந்தது. அகலப்படுத்து, வெட்டாதே என்ற இரண்டு குரல்கள்தான் இத்தனை ஆண்டும் ஓங்கி ஒலித்தன. அகலப்படுத்தும் வரையிலாவது வண்டிகளைக் கட்டுப்படுத்து என்ற மூன்றாவது குரல் எடுபடவில்லை. காரணம் புரியாததல்ல. முதல் இரண்டும் அரசாங்கத்திடம் கேட்பவை. மூன்றாவது, வண்டி ஓட்டும் ஒவ்வொருவரிடமும் கேட்பது.

அப்படி என்ன கேட்கிறது? 46 கிலோமீட்டரை 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 46 நிமிடம் ஆகும். 40-இல் போனால் 69. வித்தியாசம் 23 நிமிடம். அதே வேளை, 60-இல் வரும் வண்டி பிரேக் பிடித்த பின் ஓடி நிற்கும் தூரம், 40-இல் வருவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஞாயிற்றுக்கிழமை அனந்தகிரி மலைக்குக் காபி பிளாஸ்க்கோடு கிளம்புகிறவருக்கு 23 நிமிடம் ஒரு பொருட்டே அல்ல. விடியற்காலையில் காய்கறி ஏற்றி வரும் விவசாயிக்கு அது அன்றைய விலை. ஆம்புலன்சில் படுத்திருப்பவருக்கு அது உயிர். ஆகவே எல்லோருக்கும் ஒரே விதி என்பது பார்க்கச் சமமாகத் தெரிந்தாலும் நியாயமாகாது.

இதற்கு விடை தேடிய ஊர் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் 27 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்கு ஈரோடு ஆட்சியர் 2019-இல் தடை அறிவித்தார். அது ஏட்டிலேயே கிடந்தது. 2022 பிப்ரவரியில் அதை நடைமுறைப்படுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மலைமேல் வாழும் தாளவாடி மக்கள் கொதித்தெழுந்தார்கள். முட்டைக்கோசும் தக்காளியும் கீழே இறங்குவது அந்தப் பாதையில்தான். அவசர நோயாளியும் அவ்வழியேதான் இறங்க வேண்டும். காட்டோடு காலங்காலமாக வாழ்கிறவர்களுக்கே காட்டின் பெயரால் கதவடைப்பா என்று கேட்டார்கள். இரண்டு மாதத்தில் நீதிமன்றம் விதிகளைத் திருத்தியது. உள்ளூர்வாசிகளின் வண்டிகளுக்கு விலக்கு கிடைத்தது. கனரக லாரிகளுக்குக் கெடுபிடி கூடியது. மைசூரிலிருந்து கோழிக்கோடு செல்லும் பந்திப்பூர் சாலையிலும் இரவு 9 முதல் காலை 6 வரை தடை உண்டு. அங்கும் ஆம்புலன்சும் எண்ணிக்கை குறிக்கப்பட்ட பேருந்துகளும் போகலாம்.

திம்பம் சொல்லும் பாடம் எளியது. சாலையோரம் வாழ்கிறவர் வேறு, அதைக் கடந்துபோகிறவர் வேறு. கட்டுப்பாடு கேட்டுப் போராடுகிறவர்கள் இந்த வேறுபாட்டை முதல் மனுவிலேயே எழுதிவிட்டால், மக்கள் எதிர்த்தரப்பாக நிற்க வேண்டிய அவசியமே வராது. மரத்தையும் பேருந்துப் பயணியையும் ஒருவருக்கொருவர் எதிரியாக்கியது சாலையின் அகலம் அல்ல. விட்டுக்கொடுக்க வேண்டியவர் யார் என்பதை நாம் கடைசிவரை பேசாமல் தள்ளிப்போட்டதுதான்.

மரங்களைக் காக்கக் கையெழுத்து கேட்டு யாராவது வந்தால் தாராளமாகப் போடுங்கள். கூடவே, அந்தச் சாலையில் உங்கள் வண்டி எந்த வேகத்தில் போகும், எந்த நேரத்தில் போகாது என்பதையும் எழுதிக் கொடுங்கள். சும்மா கடந்துபோகிற நாம்தான் அந்த 23 நிமிடத்தை முதலில் கொடுக்க வேண்டியவர்கள்.