பயபக்தியே மெய்யறிவின் அத்திவாரம்

சைவப் பெருமக்கள் இறைவழிபாட்டைக் குறித்து வழங்கும் சொற்களுள் 'பயபக்தி' என்பது ஒன்றாகும். இதிலுள்ள பயம், தண்டனைக்கு அஞ்சும் பயம் அன்று. திரை விலகித் தீபாராதனை காட்டப்படும் வேளையில், எவரும் சொல்லாமலே கைகள் தலைமேற் குவிகின்றன. 'பெரியோன் ஒருவன் உளன், யான் சிறியேன்' என்ற அவ்வுணர்வே பயபக்தி. மெய்யறிவு தொடங்கும் இடமும் அதுவே என்பது இந்து சாத்திரங்களின் துணிபு.

சாமவேதத்தைச் சார்ந்த கேனோபநிடதத்தில் ஒரு வரலாறு வருகிறது. பரம்பொருளின் அருளால் தேவர்கள் போரில் வென்றனர். ஆயினும் வெற்றி தம்முடையதே என இறுமாந்தனர். அவர்கள் முன் பரம்பொருள் ஒரு யட்ச வடிவில் தோன்றியது. எதையும் எரிப்பேன் என்ற அக்கினியால் அங்கு வைக்கப்பட்ட ஒரு துரும்பை எரிக்க இயலவில்லை. எதையும் தூக்குவேன் என்ற வாயுவால் அதே துரும்பை அசைக்க முடியவில்லை. இறுதியாக இந்திரன் சென்றபோது யட்சன் மறைந்தான். இந்திரன் திரும்பிச் செல்லவில்லை. அவ்விடத்தில் காட்சியளித்த உமாதேவியாரிடம், வந்தது யார் என வினவினான். அம்மையார் உண்மையை உணர்த்தினார். இந்திரனது பக்தியை அறிந்தே ஞானமானது உமையம்மை வடிவில் தோன்றியது என ஆதிசங்கரர் தமது உரையிலே விளக்குகின்றார். வல்லமை மட்டும் இருந்தவர்களுக்கு எட்டாத அறிவு, பணிந்து கேட்டவனுக்கு எட்டியது.

பகவத்கீதையின் 4ஆம் அத்தியாயத்தில், குருவைப் பணிந்தும் வினவியும் தொண்டு செய்தும் ஞானத்தைப் பெறுமாறு கண்ணபிரான் உபதேசிக்கின்றார். 13ஆம் அத்தியாயத்தில் ஞானம் இன்னதெனப் பட்டியலிடும்போது, செருக்கின்மையையே முதலில் வைக்கின்றார். திருவள்ளுவ நாயனாரும் கல்விக்கெனத் தனி அதிகாரத்தை 40ஆவதாக வைத்தார். ஆனால் கல்வியின் பயன் இறைவன் திருவடி தொழுவதே என்பதை அதுவரை தாமதியாமல் 2ஆவது குறளிலேயே கூறிவிட்டார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்களும் எழுத்தறிவோடு சமய ஒழுக்கத்தையும் சேர்த்தே புகட்டினார்.

ஹந்தானை மலைச்சாரலின் அடியிலேதான் பேராதனைப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 1942இல் கொழும்பில் ஆரம்பமான இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் இங்கு வந்தது. விஞ்ஞானமும் வைத்தியமும் கற்பிக்கப்படும் அவ்வளாகத்திலே குறிஞ்சிக்குமரனும் கோயில் கொண்டருளியிருக்கின்றான். கல்வியும் வழிபாடும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையோ சாதாரண தரப் பரீட்சையோ நெருங்கும்போது, பேனாவைச் சுவாமி பாதத்தில் வைத்து அர்ச்சனை செய்விப்பது அடியார்களின் வழக்கம். அது நல்ல வழக்கமே. ஆயினும் பெறுபேறு வந்தபின் கோயில் வாசலை மறந்தால், அது வழிபாடாகாது, கொடுக்கல் வாங்கலாகிவிடும். எதிர்பார்த்த புள்ளி கிடைக்காதபோது சுவாமியை நோவதும் அவ்வாறானதே.

பணிவில்லாத கல்வி பிள்ளையைப் பெற்றோரிடமிருந்தே பிரித்துவிடும். மழையிலும் பனியிலும் அட்டைக்கடியைப் பொருட்படுத்தாது கொழுந்துக் கூடை சுமந்து, தன் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்கவைத்தவள் தாய். உத்தியோகம் பெற்ற மகன் நண்பர்கள் முன்னிலையில் அவள் தொழிலைச் சொல்லக் கூசுவானாயின், அவன் கற்றது என்ன? கல்வி முடித்துச் செல்லும் மாணாக்கனுக்குத் தைத்திரீய உபநிடதம் கூறும் அறிவுரையில், தாயையும் தந்தையையும் குருவையும் விருந்தினரையும் தெய்வமாகக் கொள்ளுமாறு பணிக்கப்படுகிறது. கோயிலில் குனிந்த தலை வீட்டிலும் குனிய வேண்டும்.

ஆகவே பெற்றோர் மாலையில் விளக்கேற்றிப் பிள்ளைகளோடு அமர்ந்து சிறிது நேரமேனும் தேவாரம் ஓதுதல் வேண்டும். டியூசன் வகுப்புக்கு நேரம் ஒதுக்குவது போல வெள்ளிக்கிழமைப் பூசைக்கும் நேரம் ஒதுக்குதல் வேண்டும். பிள்ளைகளை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடாது, தாமும் உடன் வந்து வணங்குதல் வேண்டும். பெரியவர்கள் பணிவதைக் கண்டே சிறியவர்கள் பணியக் கற்கின்றனர்.

குன்றுதோறும் எழுந்தருளியிருக்கும் குமரப்பெருமானின் திருவருளால், ஹந்தானை மண்ணின் பிள்ளைகள் கல்வியிற் சிறந்து, பணிவிலும் சிறந்து, பெற்றோர் மனங்குளிர நீடூழி வாழ்வார்களாக!