அளவும் தீர்ப்பும்

மன்னார் மாவட்டத்து மடுமாதாவின் ஆவணித் திருவிழாவிலே கூடுவோர் கத்தோலிக்கர் மாத்திரமல்லர். பிற சமயத்தாரும் அங்கே வருவர். பிள்ளைப்பேறு வேண்டி நேர்த்தி வைப்போரும் அவர்களுள் உளர். அந்த வேண்டுதலுக்கு விகிதாசாரக் கணக்கு இல்லை. மருத்துவமோ இன்று ஓர் எண்ணைக் கையிற் கொடுக்கின்றது. இரத்தத்தில் ஓமோனின் அளவு இவ்வளவு என்கிறது. அந்த எண் ஒருத்தியின் வாழ்வின்மீது தீர்ப்புச் சொல்லும் உரிமை உடையதா?

முதலில் எண் சொல்வது யாதென அறிதல் வேண்டும். ஏ.எம்.எச். எனும் ஓமோனின் அளவு, சூலகத்தில் எஞ்சியுள்ள முட்டைகளின் தொகையை ஏறத்தாழக் காட்டும். தூண்டும் மருந்துக்குச் சூலகம் எவ்வாறு இசையும் என்பதையும் முன்னுணர்த்தும். முட்டையின் தரமோ பெரிதும் வயதைப் பொறுத்தது. அளவு குறைந்தவள் இயற்கையாகவே கருவுறுதலும் உண்டு. சிகிச்சையின்போது புரோஜெஸ்தரோன் முந்தி உயர்ந்தால் அம்மாதத்தில் முளையம் கருப்பையிற் பதியும் வாய்ப்புக் குறையும். எனினும் முளையத்தை உறையவைத்துப் பிறிதொரு மாதத்தில் வைக்கலாம். இங்கே எண் வழியை அடைக்கவில்லை, வழியை மாற்றுகின்றது.

கல்கத்தாவின் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் சூலகத்தை ஓமோனால் தூண்டி, முளையத்தை உறையவைத்துப் பின்னர் கருப்பையிலிட்டார். 1978 ஒக்டோபர் 3இல் குழந்தை பிறந்தது. அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. 1981இல் அவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். 1997இல் அவருடைய குறிப்புகளை ஆராய்ந்த விஞ்ஞானி ஆனந்த குமார் அச்சாதனையை உலகறியச் செய்தார். அன்று குறிப்புகள் இருந்தன. ஆராய்வதற்கு முன் தீர்ப்பு முந்திக்கொண்டது.

இத்தவறே வீட்டு முற்றத்திலும் நிகழ்கின்றது. 'மலடி' என்னும் சொல் நாவில் எளிதாக எழுகின்றது. 'மலடன்' என்பது அரிதாகவே கேட்கும். ஆயினும் குறை ஆணிடத்தும் இருக்கலாம் என்பது மருத்துவம் ஐயமின்றி அறிந்த உண்மை. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட கணிப்பின்படி, வாழ்நாளில் அறுவரில் ஒருவர் இக்குறையை எதிர்கொள்கின்றனர். இத்தனை பேருக்குப் பொதுவான ஒன்றை ஒருத்தியின் பழியாக்குதல் அறமாகுமா?

அவ்வாறாயின் எண்ணை மறைத்துவிடலாமே எனச் சிலர் கூறுவர். அது கருணையன்று. பொய் நம்பிக்கை காணியையும் நகையையும் ஈடுவைக்கச் செய்யும். இறுதியில் துயரத்தை இரட்டிப்பாக்கும். உண்மையைச் சொல்லுதல் மருத்துவரின் கடன். அவ்வெண் பலரைக் கண்டு பெறப்பட்டது என்பதையும், ஒருத்தியைப் பற்றி அது முடிவுரை கூறாது என்பதையும் சேர்த்துச் சொல்லுதலும் அவர் கடனே.

பேசாலைக் கடலோடி காற்றின் குறி பார்த்தே வள்ளம் தள்ளுகிறான். மீன் படாத நாளில் அவனை எவரும் குற்றவாளி ஆக்குவதில்லை. ஓமோனின் அளவும் குறியே. குறியைக் கொண்டு எதைச் செய்யலாம் எனத் துணியலாம். எவர் தாழ்ந்தவர் எனத் துணிதல் ஆகாது.