சேய்மையும் சார்பும்

உயிர் சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் இயல்பினது என்பது சித்தாந்த நூல்களின் துணிபு. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைத் தன்னிடத்தே காட்டுதல் இதற்கு உவமையாக வழங்கும். ஆயின், பளிங்கு நிறங்கொள்வது அண்மையில் உள்ள பொருளினாலேயாம். அங்ஙனமாகக் கண்காணாச் சேய்மையில் வாழும் உறவினர் ஒருவரை வியந்து போற்றுதலால் ஓருயிர் அவர்தம் வண்ணத்தை எய்துமோ, எய்தாதோ என்னும் ஐயம் நிகழ்கின்றது.

இஃது ஏட்டளவில் நின்றொழியும் ஐயம் அன்று. சென்னையில் அடையாற்றின் தென்கரைக்கண் உள்ள கோட்டூர்புரம் போன்ற பகுதிகளில், மக்களையும் உடன்பிறந்தாரையும் கடல் கடந்த நாடுகளுக்குப் போக்கிவிட்டு வாழுங் குடும்பங்கள் பல. அவ்வில்லங்களில் வளருஞ் சிறார்க்கு, "உன் மாமனைப் பார், உன் சிற்றப்பனைப் பார்" என்று எதிரில் இல்லாதவரைச் சுட்டி அறிவு கூறுதல் நாடோறும் நிகழ்வது. அவ்வறிவுரை எப்பொழுது நன்மை பயக்கும், எப்பொழுது தீமை பயக்கும் என்று ஆராய்தல் கடனாம்.

கோட்டூர்புரத்தில் 1988-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பிர்லா கோளரங்கம், வானத்து மீன்களைக் குவிமாடத்தின்கண் காட்டுவது. அம்மீன்களின் ஒடுக்கத்தைப் பற்றிப் பேருண்மையொன்றைக் கண்டவர், அவ்விடத்திற்குச் சில கல் தொலைவிலுள்ள மயிலாப்பூரில் இளமைக்காலத்தைக் கழித்த சுப்பிரமணியன் சந்திரசேகரர். அவர் 1910-இல் இலாகூரில் பிறந்தார். 1918-இல் அவர்தம் குடும்பம் சென்னைக்குக் குடிவந்தது. அவர் தந்தையாரின் தம்பியே சர் சி. வி. இராமனார்.

இராமனார் 1907 முதற் கல்கத்தாவில் அரசாங்க நிதித் துறையில் அலுவல் பார்த்தார். அலுவல் ஒழிந்த பொழுதெல்லாம் ஆங்கிருந்த அறிவியற் கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். 1917-இல் அவ்வுயர் பதவியைத் துறந்து, ஊதியங் குறைந்த பேராசிரியப் பணியை மேற்கொண்டார். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஒளி சிதறுங்கால் நிகழும் மாற்றத்தைக் கண்டறிந்தார். அவ்வாண்டுக் கோடையிலே சென்னை மாநிலக் கல்லூரி மாணவராகிய சந்திரசேகரர் கல்கத்தா சென்று அவர்தம் ஆய்வுக்கூடத்தைக் கண்டார்.

ஈண்டுக் கருதற்பாலது ஒன்றுண்டு. சந்திரசேகரர் தம் சிற்றப்பனார் ஆராய்ந்த பொருளையே தாமும் ஆராயப் புகவில்லை. அவர் உள்ளம் விண்மீன்களின்பாற் சென்றது. தந்தையார் அவரை அரசாங்க அலுவலில் அமர்த்த விழைந்தார். அவரோ ஆராய்ச்சி நெறியையே தேர்ந்தார். 1930-இல் இங்கிலாந்து செல்லுங் கப்பலிலிருந்தே அவர் கணக்கிட்ட கணக்கு, வெண்குறு மீன் ஒன்று சூரியனினும் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறைக்குமேல் நிலைபெறாது என்னும் முடிபிற்கு வழிகோலிற்று. 1935-இல் எடிங்டன் என்னும் பெரும்புலவர் அம்முடிபை அவையிடை எள்ளி மறுத்தார். அதனாற் சந்திரசேகரர் ஆராய்ச்சியைக் கைவிட்டாரல்லர். 1983-இல் அவர்க்கு நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. உயர் பதவியினும் உண்மை ஆராய்ச்சியே பெரிதென வாழ்ந்த ஒருவர் அக்குடும்பத்தில் முன்னரே இருந்தார். பின்னோன் கைக்கொண்டது அம்முன்னோரின் துறையை அன்று. அவர் நின்ற நிலையையே என்று கொள்ளுதல் பொருந்தும்.

ஆயின், "உறவினர் என்னும் பற்றே வியப்பிற்குக் காரணமாயின், அது பாசத்தின்பாற்படுமன்றோ?" என்று சிலர் வினவுவர். நன்று வினாயினர். "எம் குடியிற் பிறந்தார் இன்னார்" என்று கூறி மகிழ்வார் பலர், அவர்தம் குணத்தைப் போற்றுவாரல்லர். அவர் பெயரால் தம்மையே போற்றுவார். அது யான் எனது என்னுஞ் செருக்கின் வேறன்று. அக்குணமே அயலாரிடத்துக் காணப்படின் அப்பொழுதும் உள்ளம் உருகுமோ என்று தன்னைத் தானே வினவிக்கொள்ளுதல் இதற்கு உரைகல்லாம்.

திங்களூர் அப்பூதியடிகள் இவ்வுரைகல்லில் மாற்றுக் குறையாத பொன்னாவார். திருநாவுக்கரசர் அவர்க்கு உறவினருமல்லர், ஒரு குலத்தவருமல்லர், கண்ணாற் காணப்பட்டவருமல்லர். எனினும், தம் மக்கட்கும் மனையிலுள்ள பொருள்கட்கும் அவர் திருப்பெயரையே இட்டார். அம்மட்டோடு அமையாது, அப்பெயராலே தண்ணீர்ப்பந்தர் வைத்தார், குளங் கண்டார், சோலை வளர்த்தார். வழிச்செல்வோன் ஒருவன் நாவறட்சி தீர நீர் பருகியபொழுது, காணாத பெரியார்பால் அப்பூதியார் வைத்த அன்பு அவன் கையிற் குளிர்ந்த நீராயிற்று. அன்பு செயலாதல் என்பது இதுவே.

இதற்கு மறுதலையாக ஒன்றுங் காட்டலாம். காரைக்காலில் வாழ்ந்த பரமதத்தன், தன் மனைவியார் புனிதவதியார் இறைவனருளால் மாங்கனி பெற்றமை கண்டு, அவரைத் தெய்வமென அஞ்சினான். வாணிகத்தின்பொருட்டெனக் கலமேறிச் சென்றவன், மீண்டு அவர்பால் வாராது பாண்டி நாட்டிற் குடியேறி வேறொருத்தியை மணந்தான். பிறந்த மகவுக்குப் புனிதவதியார் பெயரையே இட்டான். பின்னர் அவரைக் கண்டபொழுது மனைவியோடும் மகவோடும் அடி வீழ்ந்தான். அவன் வணக்கம் பொய்யன்று. ஆயினும், அவ்வணக்கம் அவனை அம்மையாரின் அருகிற் கொணர்ந்ததன்று, அகற்றியதேயாம். பெரியர் என்று கூறித் தொலைவிலே நிறுத்திவிட்டால், அவர்பாற் செய்தற்குரிய கடமையினின்றும் எளிதில் நீங்கிவிடலாம் என்பதனை இவ்வரலாறு உணர்த்துகின்றது. பெயரிடுதல் இருவரும் செய்தது; ஆயின் ஒருவர்க்கு அது தொண்டின் தொடக்கம், மற்றொருவனுக்கு அது கடனின் முடிவு.

ஆகவே, சேய்மையும் அண்மையும் இடத்தானன்றி உள்ளத்தானே அமைவன என்பது பெறப்படும். பளிங்கிற்கு இடத்தான் அண்மை வேண்டும். அறிவுடைப் பொருளாகிய உயிர்க்கோ நினைவே அண்மையாம். நினைவும் செயலாய் முதிர்ந்தவழியே சார்பாகும். அல்லாதது வெறும் வியப்பாய்க் கழியும்.

இன்னும் ஒன்று கூறி அமைதும். சந்திரசேகரர் புறப்பட்ட காலத்து அவர்தம் அன்னையார் சீதாலட்சுமி அம்மையார் நோயுற்றிருந்தார். இப்சன் என்பார் இயற்றிய நாடகமொன்றைத் தமிழில் மொழிபெயர்த்த கல்வியுடையார் அவர். மகனைத் தம்பால் நிறுத்திக்கொள்ளாது, செல்க என ஊக்கி விடுத்தார். 1931-இல், மகன் திரும்புமுன்னரே, உயிர் நீத்தார். சேய்மையில் ஒளிர்வார் ஒவ்வொருவர்க்கும் பின்னே, அண்மையிலிருந்து அவரை விடுத்தார் ஒருவரும், எஞ்சிய முதியோரைப் பேணினார் ஒருவரும் உளராவர். முன்னவரைப் புகழும் ஆரவாரத்தில் பின்னவரை மறத்தல் நன்றி கொல்லுதலாகும்.

ஆதலின், "உன் மாமனைப் பார்" என்று சிறுவனுக்குக் கூறுவோர், மாமன் ஈட்டிய பொருளையும் வாழும் மாளிகையையும் காட்டாதொழிக. அவர் கண்விழித்துக் கற்ற இரவுகளைக் கூறுக. அவர் தாயைப் பேணும் தங்கையையும் உடன் காட்டுக. அவர் பெயராலே சிறுவன் இன்று செய்தற்குரிய சிறு பணி ஒன்றை அவன் கையிற் கொடுக்க. தண்ணீர்ப்பந்தர் வைக்க இயலாதாயினும், வாயிலில் வந்து நிற்பார்க்கு ஒரு குவளை நீர் கொடுத்தல் எவர்க்கும் இயலும். அதனைக் கொடுத்த கை, சேய்மையிலுள்ளாரைத் தொட்ட கையேயாம்.

திருச்சிற்றம்பலம்.