கலிங்கும் டர்போவும்

அடக்கம் என்பது ஆற்றலுக்குப் புறத்தே நின்று அதைத் தடுப்பதா, ஆற்றலுக்குள்ளேயே அமைந்த ஓர் உறுப்பா என்னும் கேள்வி அறநூல்களுக்குப் பழையது. அடக்கமுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்த திருக்குறள், ஐம்பொறிகளை அடக்குவதற்கு ஆமையை உவமை காட்டுகிறது. ஓட்டுக்குள் இழுத்துக்கொண்ட உறுப்புகளை ஆமை இழந்துவிடுவதில்லை என்பதால், அடக்கம் அங்கே ஆற்றலின் அழிவாகக் கருதப்படவில்லை. ஆயினும், எப்போது அடங்க வேண்டும் என்ற செய்தியை ஆமைக்குச் சொல்வது எது என்பது அவ்வுவமையின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. அந்த இடத்தில் டர்போ பொருத்திய காரின் எஞ்சின் சிந்தனைக்கு உதவும்.

எஞ்சின் எரித்துத் தள்ளும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே அச்சின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துவதே டர்போவின் வேலை. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பியூக்கி 1905-இல் காப்புரிமை பெற்ற கருத்து இது. வளிமண்டல அழுத்தத்திற்கு மேல் இவ்வாறு கூடும் அழுத்தம் பூஸ்ட் எனப்படும். காற்று மிகுந்தால் எரிபொருள் மிகும், எரிபொருள் மிகுந்தால் புகை மிகும், புகை மிகுந்தால் சக்கரம் இன்னும் விரைந்து மேலும் காற்றைத் தரும் என்பதால், நிறைவேற நிறைவேற வளரும் ஆசையைப் போல, தானாக ஓயும் இடம் இச்சுழற்சிக்குள் இல்லை. எல்லை வகுப்பது வேஸ்ட்கேட் என்னும் சிறு கதவு. அழுத்தப்பட்ட காற்றின் ஒரு பகுதி மெல்லிய குழாய் வழியே ஒரு சவ்வை அடைந்து, எதிரே நிற்கும் ஸ்பிரிங்கை வென்றதும் கதவு திறந்து, மிகுதிப் புகை சக்கரத்தைத் தொடாமல் விலகிப் போகிறது. அடக்கப்பட வேண்டிய அழுத்தமே தன்னை அடக்கும் கதவைத் தள்ளித் திறக்கிறது என்பது இதன் பேரழகு.

ஏரி நிரம்பியபின் கரை உடையாதபடி மிகுதி நீரை வெளியேற்றும் கலிங்கும் இதையே செய்கிறது. கலிங்கின்மேல் வரிசையாக நட்ட கற்களுக்கிடையே, மழைக்காலம் முடியும் தறுவாயில் மண்ணையும் புல்லையும் அடைத்து நீர்மட்டத்தைச் சற்று உயர்த்திக்கொள்வதும் பழைய வழக்கம். காரை ட்யூன் செய்வோர் பொருத்தும் பூஸ்ட் கன்ட்ரோலரும் மட்டத்தை உயர்த்தும் கருவியே எனினும், அது வேலை செய்யும் விதம் வேறு. ஸ்பிரிங்கையோ கதவையோ தொடாமல், சவ்வுக்குச் செல்லும் காற்றில் ஒரு பங்கை அது வழியிலேயே கசியவிடுகிறது. எடுத்துக்காட்டாக, 0.5 பார் அழுத்தத்தில் விட்டுக்கொடுக்கும் ஸ்பிரிங் உள்ள எஞ்சினில் பூஸ்ட் 0.8 பாரை எட்டியபோதும், சவ்வுக்கு எட்டுவது 0.5 மட்டுமே. அடக்கம் தளரவில்லை, அதற்குச் செய்தி குறைத்துச் சொல்லப்பட்டது. மனிதர் வரம்பு கடப்பதும் பெரும்பாலும் இவ்வாறே: மனசாட்சியை நேரே எதிர்த்து வெல்பவர் சிலர், அதனிடம் உண்மையைக் குறைத்துச் சொல்பவர் பலர். குழாய் அடியோடு கழன்றால் கதவு திறக்கவே திறக்காது; அழுத்தம் ஏறிக்கொண்டே போய், சுடர் வந்து சேருமுன் கலவை தானாக வெடிக்கும் நாக்கிங் தோன்றி, பிஸ்டனும் உடையக்கூடும்.

அளவை உயர்த்துவதெல்லாம் வஞ்சனை என்று இதனால் முடிவு கட்டுவது தவறு. தேர்ந்த மெக்கானிக் மெய்யான அழுத்தத்தைத் தனி மீட்டரில் பார்த்து, எரிபொருள் அதற்கேற்பக் கூடுகிறதா, நாக்கிங் எழுகிறதா என்று கவனித்தே படிப்படியாக ஏற்றுகிறார். செயலில் கலவாமல், உள்ளதை உள்ளபடி அறிந்து நிற்கும் அறிவை அத்வைதம் சாட்சி என்கிறது. மீட்டர் சடப்பொருள் ஆதலால் முழு உவமை ஆகாது, ஆயினும் சவ்வு அறியாததை அறிந்திருக்கும் ஒன்று அருகிலேயே இருப்பது பொருத்தமானது. சில ட்யூனிங் பெட்டிகளோ எஞ்சினை ஆளும் கணினிக்குச் செல்லும் சென்சார் அளவையே குறைத்துக் காட்டுகின்றன; அங்கே கதவோடு சாட்சியும் ஏமாற்றப்படுகிறது. அடக்கம் தன்னேமாற்றாக மாறுவது இந்தப் புள்ளியில்தான்.

வேஸ்ட்கேட் என்ற பெயரில், விட்டுவிடுவது வீணாகிறது என்ற எண்ணம் ஒட்டியிருக்கிறது. ஆனால் விட்டதெல்லாம் வீணாவதில்லை. நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையத்தில், அல்லாள இளைய நாயக்கர் கட்டியதாகப் போற்றப்படும் காவிரிப் படுகை அணை, ராஜா வாய்க்காலுக்கு வேண்டிய மட்டத்துக்கு நீரை உயர்த்தி, பரமத்தி வேலூர்ப் பகுதியின் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் அனுப்பி, மிகுந்ததைத் தன் தலைக்குமேல் வழியவிடுகிறது. அந்த நீர் மோகனூரைக் கடந்து, முக்கொம்பிலும் கல்லணையிலும் பிரிந்து, டெல்டாவின் நெல்வயல்களுக்குப் போகிறது.