மேய்ச்சல் மலையும் வழிபாட்டின் எல்லையும்

கம்பம் பள்ளத்தாக்கில் ‘தம்பிரான் மாடு’ எனப்படுவது தெய்வத்துக்கென நேர்ந்துவிடப்பட்ட மாடு. கம்பம் நகரில் நந்தகோபாலன் பெயரால் விளங்கும் தொழுவில் வழிபாட்டுக்கு உரியது உயிருள்ள மந்தையே. கன்னடம் பேசும் காப்பிலியர் சமூகத்தார் வழிவழியாகக் காத்துவரும் அம்மந்தைக்கு உழவர்கள் நேர்த்திக்கடனாகக் கன்றுகளை விடுகிறார்கள். மாட்டுப் பொங்கலன்று சுற்று ஊர் மக்கள் திரண்டு வந்து வணங்குகிறார்கள். மந்தையின் தலைமைக் காளை இறந்தால் மாடுகளின் முன் கரும்பை வைத்து, முதலில் வந்து தின்னும் காளையையே அடுத்த பட்டத்துக்கு உரியதாகக் கொள்ளும் வழக்கத்தை இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட, தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தம் தொகுப்பில் குறித்திருக்கிறார்.

கல்லில் எழுந்த மூர்த்திக்குப் புல் வேண்டாம். மந்தைக்கு நாள்தோறும் வேண்டும். ஆகவே உயிருள்ள ஒன்றைத் தெய்வமாகக் கொள்ளும் சமயத்தில் அவ்வுயிரை ஊட்டும் நிலமும் வழிபாட்டுக்குள் அடங்குமா, அல்லது அது அரசும் சந்தையும் தம் விருப்பம்போல் பகுத்துக்கொள்ளக்கூடிய வெறும் சொத்துதானா என்ற கேள்வி எழுகிறது.

இக்கேள்வி அதே பள்ளத்தாக்கிலுள்ள சுருளிப்பட்டியில் கண்ணெதிரே நிற்கிறது. 1895 முதல் முல்லைப் பெரியாற்று நீர் பாய்ந்த இப்பள்ளத்தாக்கில் நெல்லும், பின்னர் ஆண்டு முழுவதும் அறுவடை தரும் பன்னீர் திராட்சையும் பெருகின. பந்தல் போட்ட நிலத்தில் மாட்டுக்கு இடமில்லை. அறுவடை முடிந்த வயலில் மந்தையை இரவு தங்கவைத்து, அதன் சாணத்தையும் மூத்திரத்தையும் உரமாக்கி, அதற்குக் கூலி பெறும் ‘கிடை போடுதல்’ என்னும் பிழைப்பு இதனால் சுருங்கியது. ஊரை ஒட்டிய மலைக்காடுகளோ 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சார்ந்தவை. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலைத் தடைசெய்து, அதே மாதத்தில் அத்தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் உரியதாகத் திருத்தியது. மலைமாடு எனப்படும் நாட்டு மாட்டை மலைப்புல்லை நம்பியே வளர்த்த கீதாரிகளுக்கு, அதாவது மந்தைத் தலைவர்களுக்கு, மேலும் கீழும் வழி அடைபட்டது.

கால்நடையிலிருந்து காட்டு விலங்குக்கு நோய் பரவும், மானுக்குரிய புல்லை மாடு தின்றுவிடும் என்ற அச்சங்கள் தள்ளத்தக்கவை அல்ல. ஆயினும் தடையே காவல் ஆகிவிடாது. ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் பறவைப் பூங்காவில் 1982இல் மேய்ச்சல் நிறுத்தப்பட்டபின் நீர்நிலைகளில் ஒருவகைப் புல் அடர்ந்து மண்டிப் பறவைகளுக்கே இடையூறானதையும், எருமைகளே அதுவரை அந்நீர்ப்பரப்பைத் திறந்து வைத்திருந்ததையும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வு காட்டியது. மேகமலையின் சோலைக்காடு அந்தச் சதுப்பு நிலம் அன்று. அங்கு என்ன நேரும் என்பதை அங்கேயே ஆராய்ந்துதான் அறிய முடியும்.

எங்கை என்னும் இறைவன் மாடுகளை வானிலிருந்து இறக்கித் தங்களிடம் ஒப்படைத்தான் என்று நம்பும் கிழக்கு ஆப்பிரிக்க மாசாய் மக்களும் இதே நெருக்கடியில் இருக்கிறார்கள். செரங்கெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்காக 1959இல் இன்றைய தான்சானியாவில் வகுக்கப்பட்ட நிகோரோங்கோரோ காப்புப் பகுதியிலும் இன்று அவர்கள் இருப்பு உறுதியில்லை. கென்யாவின் மாரா பகுதியிலோ நிலம் உடையோர் தம் பங்குகளை ஒன்றுசேர்த்து வனவிலங்குக் காப்பகத்துக்குக் குத்தகைக்கு விட்டு, சுற்றுலா நிறுவனங்களிடம் வாடகை பெற்று, வகுத்த முறைப்படி மேய்க்கிறார்கள். மாராவின் வழி மேலானது, ஆனால் பட்டா இல்லாதவர்க்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அதில் வாடகை கிடைப்பதில்லை.

கம்பத்துத் தொழுவின் பெயரிலேயே இதற்கு ஒரு சமய விடை இருக்கிறது. பாகவதத்தின் பத்தாம் கந்தத்தில் கண்ணன் தன் வளர்ப்புத் தந்தையான நந்தகோபனிடம், இந்திரனுக்கு எடுக்கும் வேள்வியை விட்டுவிட்டு, ஆநிரைக்குப் புல்லும் நீரும் தரும் கோவர்த்தன மலைக்கே படையல் இடச் சொல்கிறான். மாட்டை வணங்குபவன் அதை ஊட்டும் மலைக்கும் கடன்பட்டவன் என்பதே அக்கதையின் உட்கிடை. கடன்பட்டவன் அம்மலையைத் தன் விருப்பம்போல் பயன்படுத்தித் தீர்த்துவிட இயலாது. ஆகவே மேய்ச்சலுக்கு உரிமை கோரும் வழிபாட்டாளர், எத்தனை மாடு, எந்தப் பருவம், எந்தச் சரிவு என்ற வரம்பையும் தாமே ஏற்க வேண்டியவராகிறார். வரம்பில்லாத மேய்ச்சலும், மேய்ப்பவரைக் கேளாத காவலும் இந்த அளவுகோலில் ஒருசேரக் குறையுடையனவே.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் உரிமை, பொறுப்பு என்னும் இந்த இருமையை அறிந்தே எழுதப்பட்டது. நிலையான மேய்ச்சலையும் பருவந்தோறும் இடம்பெயரும் மேய்ச்சலையும் அதன் மூன்றாம் பிரிவு சமூக உரிமையாக ஒப்புகிறது. காட்டையும் விலங்கையும் நீர்ப்பிடிப்புப் பகுதியையும் காக்கும் பொறுப்பை ஐந்தாம் பிரிவு உரிமையாளரிடமும் கிராமசபையிடமும் ஒப்படைக்கிறது. உரிமையைத் தீர்மானிக்கும் பணியைத் தொடங்கும் அதிகாரம் ஆறாம் பிரிவின்படி கிராமசபைக்கே உண்டு. சுருளிப்பட்டியிலும் அதன் அண்டை ஊர்களிலும் கிராமசபை கூடி, பழைய மேய்ச்சல் தடங்களை வரைந்து, வரம்புகளையும் எழுதி, கோரிக்கையைப் பதிவுசெய்ய வேண்டும். வனத்துறை அக்கூட்டத்தில் வந்து அமர வேண்டும்.